இரண்டடிக் குழி

வள்ளிக்கண்ணு இப்போது காட்டூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். நாலு வருஷமாக மகள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். "நாயைக் கூட்டிட்டு வந்தா ஹவுஸ் ஓனர் விட மாட்டாரும்மா" என்பாள் மகள். "அப்ப நானும் வரலை" என்பாள் இவள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இப்போது நாய் இல்லை, அதனால் மகளிடம் போய்விட்டாள். அது இல்லாமல் போனதில் பெரிய பங்கு என்னுடையது. இதையெல்லாம் எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று என் மனைவி கேட்கிறாள். ஒன்றும் ஆகப்போவதில்லை. மனசு அரிக்கிறது, எழுதுகிறேன்.

என் பெயர் ரங்கசாமி. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு நிமிஷம் தாமதமாக வண்டியை எடுத்த டிரைவர்களை வறுத்தெடுத்தே பழகிய வாய். ஓய்வுக்குப் பிறகு வறுத்தெடுக்க ஆள் கிடைக்காததால் எங்கள் தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டிலிருந்து பிரிகிற தெரு. தண்ணீர் மோட்டார் எப்போது போட வேண்டும், குப்பையை எங்கே வைக்க வேண்டும், யார் வீட்டு வண்டி யார் வாசலை மறைக்கிறது, எல்லாவற்றுக்கும் நான்தான். மோட்டார் ரூம் சாவிகூட என் இடுப்பில்தான் தொங்கும்.

தெருமுனையில் டிரான்ஸ்பார்மருக்கு எதிரே வள்ளிக்கண்ணு வாழை இலை விற்றாள். சொந்த ஊர் ஜீயபுரம் பக்கம். அண்ணன் தம்பிகளுக்கு அங்கே வாழைத் தோட்டம் இருக்கிறது. புருஷன் சின்னையன் மஞ்சள் காமாலையில் போன பிறகு, கூடப்பிறந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் இங்கே வந்து ஒரு அறை பிடித்துக்கொண்டாள். தோட்டத்து இலையையே விலை கொடுத்து வாங்கி விற்றாள். கூடப்பிறந்தவர்களிடம் சும்மா வாங்கினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "சும்மா வாங்குனா நல்ல இலைய எப்படி சார் கேட்டு வாங்குறது?" என்றாள். 

யாரிடமும் எதுவும் கேட்காத பிறவி. மழை பெய்தால் தார்ப்பாயை அவளே கட்டுவாள், காற்றில் பிய்ந்தால் அவளே தைப்பாள். ஆனால் வியாபாரத்தில் சூட்டிகை. தினமும் இரண்டு நுனி இலை வாங்குகிற என் தலையிலேயே வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு கிழிசல் இலையைக் கட்டிவிடுவாள். கேட்டால், "ரசம் ஊத்தாம சாப்பிடுங்க சார், உடம்புக்கும் நல்லது" என்பாள்.

நாய் வந்த கதையும் இலையில்தான். தென்னூர் நஜிமுதீன் என்று ஒரு ஆட்டோக்காரர், அவர்தான் தினமும் ஜீயபுரத்திலிருந்து இலைக்கட்டுகளை ஏற்றிவந்து இறக்குவார். ஒருநாள் கடைசிக் கட்டைத் தூக்கினால் அடியில் ஒரு குட்டி நாய் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறது. "அக்கா, இது உங்க சரக்கா, என் சரக்கா?" என்று கேட்டார் நஜிமுதீன். பழுத்த பூவன் பழத்தின் நிறத்தில் இருந்ததால் பூவன் என்று பெயர் வைத்தாள். அதன்பிறகு அவள் தனியாகப் பேசுகிறாள் என்று யாரும் சொல்ல முடியாது. இலை வரத்து, வெயில், மகள் போனில் சொன்னது, எல்லாவற்றையும் பூவனிடம் சொல்லுவாள். அதுவும் ஆபீசர் மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொள்ளும். தெருவிலும் அதற்கு நல்ல பெயர். என் வீட்டு வாசலில்கூடக் காலையில் இரண்டு இட்லி அதற்கு உண்டு.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், டிரான்ஸ்பார்மரில் ஒரு குரங்கு அடிபட்டு விழுந்தது. படாரென்று ஒரு சத்தம், தெருவுக்கே கரண்ட் போனது. வெளியே வந்து பார்த்தால் நல்ல பெரிய ஆண் குரங்கு, நடு ரோட்டில் கிடக்கிறது. மாநகராட்சிக்கு யாரோ போன் செய்ய, வண்டியோடு இரண்டு பேர் வந்தார்கள். நான் விடவில்லை.

"ஆஞ்சநேயரக் குப்பை வண்டியில ஏத்துறதா? எங்க தெருவுல உயிர் விட்டிருக்காரு. நாங்களே அடக்கம் பண்ணிக்கிறோம்" என்றேன். தெருவே ஆமாம் போட்டது. அவர்கள் போய்விட்டார்கள்.

மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினோம். நெற்றியில் நாமம் இட்டோம். புது மஞ்சள் வேட்டி சுற்றி, துளசி மாலை போட்டோம். தெருக்கோடியில் மோட்டார் ரூமை ஒட்டி ஒரு துண்டு காலி இடம் இருக்கிறது, அங்கே குழி தோண்ட பிளம்பர் பாலு கடப்பாரையோடு வந்தான். இரண்டடி போனதும் பழைய கட்டடத்துக் கல்லும் ஜல்லியுமாகத் தட்டுப்பட்டது.

"இன்னும் ரெண்டடியாவது போகணும் சார். இல்லாட்டி நாய் நோண்டிரும்" என்றான்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நாலு பத்து. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் பிறக்கிறது. முப்பத்தோரு வருஷம் கடிகாரத்தைப் பார்த்தே வண்டியை அனுப்பியவன், ஆஞ்சநேயரை ராகுகாலத்தில் அனுப்புவேனா?

"போதும், போதும். இறக்கு" என்றேன்.

இறக்கினோம். மேலே பாலும் நெய்யும் ஊற்றினோம், கற்பூரம் ஏற்றினோம், மண்ணைத் தள்ளினோம். நாலு இருபத்தெட்டுக்கு எல்லாம் முடிந்தது. எனக்கு அதில் ஒரு பெருமைகூட. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை காலையில் சம்பிரதாயப்படி பால் தெளித்தோம். ஆளாளுக்கு ஒரு சொம்பு கொண்டுவந்ததில் மண் சேறாகிவிட்டது. சின்னதாக ஒரு மேடை கட்டலாம் என்று பேச்சு வந்தது. வள்ளிக்கண்ணுவும் ஒரு சொம்பு பால் கொண்டுவந்து ஊற்றினாள். பூவன் அவள் பின்னால் நின்று மண்ணை மோந்து பார்த்தது. "சீ, வா இங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

பால் ஊற்றி, நெய் ஊற்றி, அதுவும் இரண்டடி ஆழத்தில். நாய்க்கு இலை போட்டுப் பரிமாறியிருக்கிறோம். அப்போது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் நடைக்குப் போகிறவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மண் வாரி இறைக்கப்பட்டிருந்தது. மஞ்சள் வேட்டி வெளியே கிழிந்து கிடந்தது. அதற்கு மேல் எழுத வேண்டாம். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டேன். பத்தடி தள்ளி பூவன் உட்கார்ந்து வாயை நக்கிக்கொண்டிருந்தது. மூக்கெல்லாம் மண். என்னைப் பார்த்ததும் எப்போதும் போல வாலை ஆட்டியது, இட்லிக்குத்தான்.

தெருவில் ஈ காக்காய் இல்லை. மோட்டார் ரூமிலிருந்து மண்வெட்டியை எடுத்து அவசரமாக மூடினேன். பக்கத்தில் கிடந்த உடைந்த சிமெண்ட் பலகையை மேலே இழுத்துப் போட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் நாயை அடித்தே கொன்றுவிடுவார்கள், வள்ளிக்கண்ணுவைத் தெருவை விட்டே துரத்திவிடுவார்கள், அவள் நன்மைக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. குழி ஏன் ஆழமில்லை என்று தெரு கேட்குமே, பாலு என்னைக் கை காட்டுவானே என்பது மீதி.

வெள்ளிக்கிழமை பூவன் பின்னங்கால் பின்ன நடந்தது. குடித்தவன் மாதிரி போகிறதே என்று சிரித்தார்கள். சனிக்கிழமை காலையில் எழுந்து நிற்க முடியவில்லை. வாயிலிருந்து எச்சில் கோடாக ஒழுகியது. வள்ளிக்கண்ணு பாலில் பிசைந்து வைத்த சோறு வாய்க்குள் போகிறது, அப்படியே வெளியே விழுகிறது. குரைத்தால் குரல் வேறு யாருடையதோ போல் வந்தது. யாரோ ஒருத்தர் "வெறி" என்றார். அவ்வளவுதான், எல்லா வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது.

நஜிமுதீன் மட்டும், "ஏறுங்கக்கா, தென்னூர்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க" என்று நாயைச் சாக்கில் சுற்றித் தூக்கினார். எச்சில் அவர் கையெல்லாம். செயலாளர் என்ற முறையில் நானும் முன்சீட்டில் ஒட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் பவித்ராவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். கையுறை மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்து பார்த்தார், காலைக் கிள்ளிப் பார்த்தார். "வெறிநாய் ஊசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"மூணு வருசத்துக்கு முன்னாடி முகாம்ல போட்டாங்க. அப்புறம் போடலைங்க" என்றாள் வள்ளிக்கண்ணு.

"யாரையாவது கடிச்சுதா? வேற நாயோட சண்டை போட்டுச்சா?"

"தெரியலைங்க."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "அம்மா, நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. ரேபிஸ்லயும் இப்படி இருக்கும். ஆனா செத்து அழுகின பிராணி எதையாவது தின்னாலும் இப்படித்தான் இருக்கும். அழுகல்ல ஒரு கிருமி விஷத்தை உண்டாக்கும், அது கால இழுத்துடும், தொண்டையப் பிடிச்சுடும். அப்படின்னா வைத்தியமே வேற. ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடி எலி, பெருச்சாளி, பறவை, எதையாவது தின்னுச்சா? நோண்டி எடுத்துச்சா?"

வள்ளிக்கண்ணு என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்தேன்.

"இல்லைங்க. நான் போடுற பால் சோறுதான். வெளிய எதையும் தொடமாட்டான்" என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதாவது பார்த்தீங்களா சார்?"

"நான் எங்க டாக்டர் பார்த்தேன்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை.

அப்படியானால் ரேபிஸ் என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். அவரிடம் தனிக் கூண்டு காலியாக இல்லை. பூட்டிய அறையில் பத்து நாள் வைக்க வேண்டும், யாரும் தொடக் கூடாது, தண்ணீரைக் கம்பால் தள்ளி வைக்க வேண்டும், எச்சில் பட்டவர்கள் இன்றைக்கே பெரியாஸ்பத்திரியில் ஊசியை ஆரம்பிக்க வேண்டும். என் போன் நம்பரை எழுதிக்கொண்டு அவருடைய நம்பரைக் கொடுத்தார். "ஏதாவது ஞாபகம் வந்தா எந்நேரமானாலும் கூப்பிடுங்க சார். சின்ன விஷயம்தானேன்னு விட்டுடாதீங்க."

பூவனை மோட்டார் ரூமில் விட்டோம். நான்தான் பூட்டினேன். வள்ளிக்கண்ணுவும் நஜிமுதீனும் ஊசி போட்டுக்கொள்ளப் போனார்கள். நான் நாயைத் தொடவே இல்லை, எனக்கு ஊசி தேவைப்படவில்லை.

மோட்டார் போடவும் நிறுத்தவும் நான்தான் அங்கே போக வேண்டும். சுவிட்ச் வெளியே இருக்கிறது, கம்பி ஜன்னல் வழியாக உள்ளே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நான் கம்பால் தள்ளிய தண்ணீர்க் கிண்ணம் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பூவனால் தலையைத் தூக்க முடியவில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் வால் தரையில் தட்டியது. டப், டப் என்று. கண் தெளிவாக இருந்தது. வெறி பிடித்த நாயின் கண் இல்லை அது, இட்லிக்கு வருகிற பூவனின் கண்தான்.

போனைக் கையில் எடுத்தேன். என்ன சொல்வது? நேற்று பொய் சொன்னேன் என்று ஆரம்பிக்க வேண்டும். ஒருவேளை வெறியாகவே இருந்தால் வீணாக எதற்கு மானத்தை வாங்கிக்கொள்வது? நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனைச் சட்டைப்பையில் போட்டேன். மாலையில் மோட்டார் போடப் போனபோதும் வால் தட்டியது. ஜன்னலை விட்டுத் தள்ளி நின்று சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தேன்.

வள்ளிக்கண்ணு அந்தப் பக்கமே வரவில்லை. தொடாமல் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியாது. கடையில் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்கு இலையை எண்ணிக் கொடுத்தாள். "எப்படி சார் இருக்கான்?" என்று மட்டும் என்னிடம் கேட்டாள். "இருக்கான்" என்றேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மோட்டார் போடப் போனேன். வால் தட்டவில்லை.

டாக்டருக்கு அப்போதுதான் போன் செய்தேன், நாய் செத்துப்போயிற்று என்று. பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். பத்து நாள் கழித்து டாக்டரே கூப்பிட்டார்.

"ரேபிஸ் இல்லை சார். ஊசி போட்டுக்கிட்டவங்ககிட்ட சொல்லுங்க, பயப்பட ஒண்ணுமில்லை. எனக்கென்னவோ அது அழுகினது எதையோ தின்னிருக்கும்னுதான் தோணுது. நமக்குத் தெரியாமப் போச்சு."

"கடைசி வரைக்கும் வால் ஆட்டுச்சு டாக்டர்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

 "அந்த விஷம்னா அப்படித்தான் சார். உடம்பு விழுந்துடும், ஆனா புத்தி தெளிவா இருக்கும், ஆளை அடையாளம் தெரியும், வால் ஆட்டும். டிரிப் போட்டு, மணிக்கொரு தரம் பக்கம் மாத்திப் படுக்க வச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஊட்டி, ரெண்டு மூணு வாரம் ஓட்டிட்டோம்னா நிறைய நாய் எழுந்துடும். எல்லாம் பிழைக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா தண்ணி இல்லாம கிடந்து சாகாது." பிறகு, "அதை அன்னைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமே சார்" என்றார். வால் ஆட்டியதைத்தான் சொன்னார்.

நேராக வள்ளிக்கண்ணுவிடம் போனேன். மதிய நேரம், கடையில் யாரும் இல்லை. ஈரத் துணியால் இலைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வெறி இல்லை என்பதையும், தண்ணீர் இல்லாமல் கிடந்து செத்ததையும் சொன்னேன். புதன்கிழமை பார்த்ததைச் சொன்னேன். மண்ணைத் தள்ளியதை, பலகை போட்டதை, டாக்டரிடம் பொய் சொன்னதை, ராகுகாலத்துக்காகக் குழியை நிறுத்தியதை, எல்லாம் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும் சார்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்குக் காலைல வந்து மடியில தலைய வச்சான். நெய் வாசமும் கற்பூர வாசமும் பொண நாத்தமுமா அடிச்சுது. பல்லு இடுக்குல மஞ்ச நூலு. நான்தான் உப்புத் தண்ணி வச்சு வாயக் கழுவிவிட்டேன். யாருக்கும் தெரியக் கூடாதேன்னு."

"அப்ப டாக்டர் கேட்டப்ப ஏம்மா சொல்லல?"

"நீங்க பக்கத்துல நின்னீங்களே சார்." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தெரு சேர்ந்து அடக்கம் பண்ணின சாமி. முன்னாடி நின்னு பண்ணினது நீங்க. அதைத் தின்ன நாய்னு உங்க முன்னாடி எப்படிச் சொல்வேன்? வாய் வரைக்கும் வந்துச்சு. உங்க மூஞ்சியப் பார்த்தேன். நீங்க சுவத்தப் பார்த்துக்கிட்டு நின்னீங்க. உங்களுக்குத் தெரிஞ்சா பூவனுக்கு இந்தத் தெருவுல இனிமே யாரு சோறு போடுவாங்கன்னு பயந்துட்டேன்."

 அவளுடைய இலைக்கட்டு மேலேயே உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தருக்கு ஒருத்தர் பயந்துகொண்டு, ஒரே மேஜையின் முன்னால், டாக்டர் கேட்கக் கேட்க நின்றிருக்கிறோம். அவள் பயந்ததற்காவது நியாயம் இருக்கிறது. என்னைப் பார்த்துத்தான் பயந்தாள்.

எழுந்தபோது, வழக்கம் போல இரண்டு நுனி இலையைச் சுருட்டி நாரால் கட்டிக் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

"சார்" என்று கூப்பிட்டாள். "நான் வந்து பார்க்கவே இல்ல. கடைசியா எப்படி இருந்தான்? உங்களப் பார்த்து வால் ஆட்டினானா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதிலும் நான் பழகியவன்தான். ஆனால் இந்த முறை வரவில்லை.

"ஆட்டினான்மா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஆட்டினான்."

ஈரத் துணியை மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்ப தண்ணி கேட்டிருக்கான்" என்றாள்.